25 ஓட்டம், 25 வெற்றி

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு, செல்லூர்

ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரை பிளாக் கேவியர் நேற்று இறந்துவிட்டாள். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் 18 வயது நிறைந்திருக்கும். மடிநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தபோது நோய் குளம்புக்கு இறங்கிவிட்டதென்றும், நேற்றுக் காலையில் குட்டியை வெளியே எடுத்தபின் அவளை வலியிலிருந்து விடுவித்தார்கள் என்றும் அவளைப் பழக்கிய பீட்டர் மூடி கூறியிருக்கிறார். 2009 ஏப்ரலில் மெல்போர்னின் ஃபிளெமிங்டனில் தொடங்கி 2013 ஏப்ரலில் சிட்னியின் ராண்ட்விக்கில் முடித்தவள்; ஓடியவை 25, வென்றவை 25. குதிரையை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. ஜட்கா ஓட்டிய என் அப்பாவும் எங்கள் லட்சுமியை அப்படிச் சொன்னதில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

2012 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் அஸ்காட்டில் நடந்த ஓட்டத்தை இன்று மறுபடி பார்த்தேன். கால்களில் இரத்த ஓட்டம் குறையாதிருக்க உடல் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் உடை அணிந்து, உலகின் மறுகோடியிலிருந்து விமானத்தில் வந்தவள் அவள். 1200 மீட்டர் நேர்ப்பாதையில் முன்னால் வந்துகொண்டிருந்தபோது, வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று எண்ணிய ஜாக்கி லூக் நோலன் எல்லைக்குச் சற்று முன்பே அவளை ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த ஏற்றத்தில் அவள் வேகம் சட்டென்று தளர, பிரெஞ்சுக் குதிரை மூன்லைட் கிளவுட் அருகில் வந்துவிட, பதறிப்போய் மீண்டும் உந்தினார். தலையளவு இடைவெளியில் வென்றாள். தசை கிழிந்த நிலையில் ஓடி முடித்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய வெற்றிகளில் இதையே மங்கலானதென்று சொல்வார்கள். எனக்கு இதுவே மிகப் பெரியது.

23 ஆகஸ்ட், வெள்ளி

அப்பா காலத்தில் ஜட்காக் குதிரைகளுக்கு லாடம் கட்டிய பெரியவரைப் பார்க்கப் போனேன். குளம்புக்குள் இருக்கும் எலும்பு, மெல்லிய மடிப்புகளால் குளம்பின் சுவரோடு பிணைந்து தொங்குகிறது. அழற்சியில் அந்தப் பிணைப்பு விட்டுப்போனால் அரை டன்னுக்கு மேற்பட்ட உடலின் பாரமே எலும்பைக் கீழே அழுத்திவிடும். நான் இதை விளக்கத் தொடங்கும் முன்பே, “நகமும் சதையும் பிரியுறதுதானே தம்பி” என்றார்.

எங்கள் லட்சுமிக்கும் அதுவே வந்தது. ஓர் இரவில் கொள்ளு மூட்டையைக் குதறித் தின்றுவிட்டு, மறுநாள் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றாள். குளம்பில் அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பெரியவருக்குக் கைபேசியில் ராண்ட்விக் ஓட்டத்தைக் காட்டினேன். பந்தயக் குதிரைகளுக்கு அலுமினியத்தில் லாடம் அடிப்பார்கள் என்றதும் வியந்துபோனார். வென்றது எந்தக் குதிரை என்று கேட்கவில்லை. “இன்னொரு தடவ போடு தம்பி, முன்னங்கால மட்டும் பாத்துக்கிறேன்” என்றார்.