கொல்லிமலைக்கு ஒரு டோபோஷீட்டோடு

கொல்லிமலை என்றாலே முதலில் எல்லோரும் சொல்வது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைத்தான். ஏன் அத்தனை வளைவு என்று போன் மேப்பைக் கேட்டால் பதில் வராது, அதற்குச் சாலை மட்டும்தான் தெரியும், மலை தெரியாது. அதனால் இந்தத் தடவை இந்திய நில அளவைத் துறையின் டோபோஷீட்டை, அதாவது மேடு பள்ளத்தையும் காட்டும் வரைபடத்தை, அச்செடுத்துக் கொண்டுபோனேன். 1:50,000 அளவு, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டே விரித்தோம். தாள் முழுக்க பழுப்புக் கோடுகள். இவைதான் பள்ளியில் படித்த சம உயரக் கோடுகள். ஒரே கோட்டின் மேலேயே நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த கோட்டுக்குப் போனால் 20 மீட்டர் ஏறிவிட்டோம் என்று கணக்கு. காரவள்ளிக்கு மேலே இந்தக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கியடித்து நிற்கின்றன, அங்கே நேராக ரோடு போட்டால் எந்த பஸ்ஸும் ஏறாது, அதனால்தான் ரோடு கொஞ்ச தூரம் கோட்டை ஒட்டியே ஓடி, திரும்பி, மறுபடி ஓடி, மெதுவாக மேலேறுகிறது. மலைமேல் இருக்கும் செம்மேடு பக்கம் போனதும் கோடுகள் விலகி, விளைநிலத்தைக் காட்டும் மஞ்சள் வருகிறது. வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தால் நிஜமாகவே வயல்!

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டு முதலில் கோடுகளை எண்ணுங்கள், ஐந்து கோடு என்றால் 100 மீட்டர், திரும்பி ஏறவும் வேண்டும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடுகள் கூராக மடங்கும். அந்த முனை எப்போதும் தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தைத்தான் காட்டும். அப்புறம் ஓடை நீலத்தில் இருந்தால் தண்ணீர் உண்டு, கறுப்பில் இருந்தால் வறண்ட ஓடை. வெயில் காலத்தில் மலை நடை போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சரி, ரோட்டுக்கு இந்தத் தாளை நம்பலாமா? வேண்டாம். அளவெடுத்த வருஷத்தைத் தாளிலேயே போட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு போட்ட ரோடு எதுவும் இதில் இருக்காது. ரோட்டுக்குப் போன், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தாள். துறையின் இணையதளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கிறது, கலரில் அச்செடுங்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எது ஓடை எது பாதை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.