கயிற்றை இழுத்தவரிடம் என்ன கேட்கிறோம்?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய கார் ஆலை, டொயோட்டாவின் கூட்டோடு 1984-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. சொல்லாமல் விடுப்பு எடுப்பதற்கும் திடீர் வேலைநிறுத்தங்களுக்கும் பெயர்போன அவர்களே சில ஆண்டுகளுக்குள் தரமான கார்களை உருவாக்கினார்கள். மாறியது நிர்வாக முறை.

அந்தப் புதிய முறையில், காரில் குறை கண்ட எவரும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்க முடிந்தது. குழுத் தலைவர் உடனே அருகில் வந்து நிற்பார், சேர்ந்து சரிசெய்ய முயல்வார், முடியாதபோது உற்பத்தி வரிசை நிற்கும். கயிற்றைக் கட்டுவது எளிது, இழுத்தவரிடம் "யார் செய்த தவறு?" என்று கேட்காதிருக்க மேலாளருக்கு மிகுந்த பொறுமை வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் தடைபட்ட வேலைகளைப் பற்றியே முதலில் பேசச் சொல்கிறேன். சொன்னவருக்குத் தேவையான ஆளையோ கூடுதல் நாட்களையோ அங்கேயே ஒதுக்கிவிடுகிறேன்.