சக்கில் காட்டிய அளவு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பழகிய காலம். பெரும்போக அறுவடை தொடங்கினால் லான்ட்மாஸ்டர் புஷ், நீர்ப்பம்பித் தண்டு, நெல் மில் பெயரிங் வீடு (பெயரிங் உட்காரும் கூடு) என்று வேலை குவியும்.

ஒருநாள் தேய்ந்த பெயரிங் வீடொன்றுக்கு உள்வளையம் கடைந்தேன். வெளிவிட்டம் 70 மில்லிமீற்றர், உள்விட்டம் 62. சுவர் 4 மில்லிமீற்றர்தான். வெளிப்புறத்தை மூன்று தாடைச் சக்கில், அதாவது கடைசல் இயந்திரத்தில் துண்டை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும் பிடியில், பிடித்து உள்ளே கடைந்தேன். சக் சாவியில் குழாய் மாட்டி இறுக்குவது அப்போது என் பழக்கம், கைப்பலத்தில் ஒரு பெருமை. உள் மைக்குரோமீற்றரால் நாலு பக்கமும் அளந்தேன், எல்லாம் 62. பின்னேரமே மில்காரர் திரும்பி வந்தார். வளையத்துக்குள் பெயரிங் போகவில்லை.

"எவ்வளவு இறுக்கினனீ?" என்றார் எனக்கு வேலை பழக்கிய பெரியவர்.

"வழமையா இறுக்கிறதுதான் அண்ணை. கழட்டிப்போட்டும் அளந்தனான், 62 தான்."

அவர் வளையத்தை நாலு தாடைச் சக்கில் மெல்லப் பிடித்து, மையம் பார்த்து, உள்ளே டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கையால் சுற்றினார். ஒரு சுற்றில் முள் மூன்று தரம் ஏறி இறங்கியது. சக் இறுக்கியபோது தாடை பட்ட மூன்று இடமும் உள்ளே அமுங்கியிருக்கிறது. அந்த நிலையில் வட்டமாகக் கடைந்தேன். கழற்றியதும் அமுங்கிய இடங்கள் வெளியே மீண்டுவிட்டன, இடைப்பட்ட இடங்கள் உள்ளே வந்துவிட்டன. ஒவ்வொரு மேட்டுக்கும் நேரெதிரே ஒரு பள்ளம். ஒரு பக்கம் கூடினதை மறுபக்கம் குறைத்துவிட்டதால் குறுக்கே எங்கு அளந்தாலும் 62. உள் மைக்குரோமீற்றர் போல இரண்டு புள்ளியில் தொடும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. வளையத்தைக் கழற்றி அளந்தும் ஏமாந்தது இதனால்தான்.

வெயிலும் தன் பங்கைச் செய்யும். 62 மில்லிமீற்றர் இரும்பு 10 பாகை சூடேறினால் சுமார் 0.007 மில்லிமீற்றர் விரியும். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி விரியும். ஆற விட்டால் சரி. பிடியால் வந்த கோணல் ஆறாது.

அப்புறம் பெரியவர் தடித்த வளையமொன்றின் உள்ளே 70க்குக் கடைந்து, ஓரிடத்தில் வாளால் அறுத்துத் தந்தார். அதை வேலை வளையத்தின்மேல் போர்த்திச் சக்கில் பிடித்தால் அழுத்தம் சுற்றிவரப் பரவும். கடைசி வெட்டுக்கு முன் சக்கைத் தளர்த்தி, திரும்ப மெல்லப் பிடிக்கவும் சொன்னார். புது வளையத்துக்குள் பெயரிங் மரக்கட்டைத் தட்டலில் இறங்கியது.

அந்த அறுத்த வளையம் இப்பவும் என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது. 70க்கு மட்டும்தான் உதவும். வேறு அளவு வந்தால் இன்னொன்று கடைய வேண்டும்.