தராசை எடுத்து வைத்த பிறகு

ஜனவரி 14, 2025
பொங்கல். எடை கூடுமென்ற பயத்தில் பட்டினி கிடந்து நோயாகி (அனோரெக்சியா), இப்போது மறுபடி சாப்பிடப் பழகுகிறாள் என் தங்கை. சர்க்கரைப் பொங்கல் மூன்று கரண்டி, நெய்யை வடிக்காமல். நாற்பது நிமிடம் ஆனது. யாரும் சின்னவள் தட்டைப் பார்க்கவில்லை.

ஜனவரி 16
பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் இறங்கவில்லை. இனி தினமும் இரத்தம் எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். பட்டினி கிடந்த உடம்புக்குள் சோறு போனதும் இன்சுலின் ஏறும். அது இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு சோறு, அதையும் சொன்ன அளவில் கூட்டிக்கொண்டே போனது. முதல் நாளே வயிறு நிறைய ஊட்டிவிடக் கூடாதென்று எத்தனை வீட்டில் தெரியும்!

ஜனவரி 17
7, 10, 1, 4, 7, 9 மணிக்குச் சாப்பாடு. ஆறு வேளை.

ஜனவரி 19
எப்படியோ தராசில் ஏறிப் பார்த்துவிட்டாள். மதியச் சாப்பாடு அழுகையில் போயிற்று. கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும், ஏறக்குறைய அரை கிலோ. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காலியாகக் கிடந்த கிட்டங்கி நிரம்பினாலே தராசில் இரண்டு கிலோ தெரியும், கொழுப்பு ஒரு கரண்டி கூடாமல். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதே, அதுவும் நீர்தான், மெல்ல வடியும். நீர் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் பொட்டாசியம் இறங்கிவிடும். மூச்சு வாங்கினால் மட்டும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.
தராசு இனி இந்த வீட்டில் இருக்காது. வாரம் ஒருமுறை கிளினிக்கில், எண்ணுக்கு முதுகு காட்டி நின்று, அதே மெல்லிய உடையில்.

ஜனவரி 22
தராசைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

ஜனவரி 25
இரண்டு வாய்க்கே வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறதாம். பொய் இல்லை. பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், சீராக வாரங்கள் ஆகும். பச்சைக் காய், தவிடு, சோடா, சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்ளும். கொஞ்சத்தில் நிறைய சத்து வேண்டும்: அவகாடோ, நெய், வேர்க்கடலை, பாலில் கூடுதலாகப் பால் பவுடர். சாப்பிட்ட பின் வெந்நீர்ப் பை, இடுப்பு தளர்ந்த பாவாடை. இறுக்கமான ஜீன்ஸ் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று.

ஜனவரி 29
நள்ளிரவு. அரை ரொட்டி, வெண்ணெய், இன்னும் பசி. "நிறுத்தவே முடியலக்கா."
1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ். மறுபடி சாப்பாடு கொடுத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தீராமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். மனவுறுதி குறைந்ததால் வந்த பசி இல்லை இது, உடம்பு பழைய கடனைக் கேட்கிறது. இரவு தின்றதற்காகக் காலையில் பட்டினி கிடந்தால் அன்றிரவே திரும்பி வரும். ஆகவே நாளைக்கும் 7 மணிக்குக் காலைச் சாப்பாடு.

பிப்ரவரி 1
தைப்பூசக் கொடி ஏறப்போகிறது. பத்து நாள் விரதம் இருப்பேன் என்கிறாள். பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மரக்கறி மட்டும் சரி. மீன் போன இடத்தில் பருப்பும் பாலும் நெய்யும் வர வேண்டும். ஒரு வேளையும் குறையக் கூடாது. நோயாளியைப் பட்டினி கிடக்கச் சொல்லும் முருகன் யாருக்கும் முருகன் இல்லை.

பிப்ரவரி 5
தால்புரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி), ஒரு ஜோடி, பீன்ஸ் கறியும் கொத்தமல்லிச் சட்னியும் வைத்து. தொடுமுன் பயம் பத்துக்கு எட்டு, பாதியில் ஒன்பது, அரைமணி கழித்து ஐந்து. எழுதி வைக்கச் சொன்னேன். ஒருமுறை மட்டும் தின்றால் பயம் மறுவாரம் முழுசாகத் திரும்பும். வாரத்தில் மூன்று முறை அதையே தின்ன வேண்டும். ஓரத்தைப் பிய்த்துப் போடுவது, காகிதத்தில் எண்ணெய் ஒற்றுவது, பிறகு தெருவைச் சுற்றி நடப்பது, மூன்றும் பயத்துக்குப் போடும் தீனி.

பிப்ரவரி 7
தராசு.

பிப்ரவரி 11
தைப்பூசம். இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்ன் மலைக் கோயில். பால் சொம்பை அம்மா ஏந்தினாள், வெயிலில் தங்கை நடக்க டாக்டர் விடவில்லை. இலையில் ஏழு கறியும் தங்கை சாப்பிட்டாள். சின்னம்மா, "நல்லா சதை போட்டுட்டியே கண்ணு!" ஆசையாகத்தான் சொன்னார். இலை அப்படியே மடிந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்: உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம், படிப்பைக் கேளுங்கள், பூக்கட்டினதைப் பாருங்கள். 4 மணிக்குப் பால் குடித்தாள்.

பிப்ரவரி 13
மறுபடி தராசைக் கேட்டாள். காலையில் ரொட்டியும் காத்தோ பிமா (மிளகாய் வடை) இரண்டும்.