'பிஎச்டி' என்று தேடாதீர்கள்

"அக்கா, ஜெர்மனியில பிஎச்டி அட்மிஷன் எப்போ ஓப்பன் ஆகும்?" ஜூனியர் பையன் ஒருவன் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டான். இதே கேள்வியோடு நான் தொலைத்தது ஆறு மாதம்.

மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் பிஎச்டி பள்ளிகளான ஐஎம்பிஆர்எஸ் போன்ற திட்டங்களுக்கு ஆண்டுதோறும் கடைசித் தேதி உண்டு. மற்றபடி, ஒரு பேராசிரியரின் ப்ராஜெக்டுக்கு ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜியிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ பணம் வந்தால் ஆள் எடுப்பார், அவ்வளவுதான். அது வேலைக்கான விளம்பரம். தலைப்பில் பிஎச்டி என்ற சொல்லே பல சமயம் இருக்காது. 'விஸ்ஸென்ஷாஃப்ட்லிஷர் மிட்டார்பைட்டர் (எம்/வே/டே)' என்று இருக்கும், அதாவது ஆய்வுப் பணியாளர். அந்த மூன்று எழுத்துகளை ஏதோ படிப்புத் தகுதி என்று நினைத்து, நமக்கு இல்லை என்று பக்கத்தை மூடியிருக்கிறேன். ஆண், பெண், பிற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம்!

அடியில் 'டிவி-எல் ஈ13, 65%' என்று ஒரு வரி இருக்கும். டிவி-எல் என்பது ஜெர்மன் மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள ஒப்பந்தம், ஈ13 அதிலுள்ள ஒரு படிநிலை. அட்டவணை இணையத்திலேயே கிடைக்கும். 65% என்றால் முழுநேரச் சம்பளத்தில் அவ்வளவு பங்கு. வேலையும் 65 சதவீதம்தான் என்று நம்பிவிடாதீர்கள்.

பேராசிரியர்களுக்கு நான் முதலில் அனுப்பிய மின்னஞ்சல்கள் நாற்பத்துமூன்று. எல்லாமே 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, பெயர் மட்டும் மாற்றி ஒட்டியவை. பதில் இரண்டு வந்தது, இரண்டும் 'விடுமுறையில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதில்.

பிறகுதான் கெப்ரிஸ் என்ற டிஎஃப்ஜியின் இணையத் தரவுத்தளம் கண்ணில் பட்டது. டிஎஃப்ஜி நிதி கொடுத்த ப்ராஜெக்டுகள் எந்த ஆண்டிலிருந்து நடக்கின்றன என்பதோடு அதில் இருக்கும். புதிதாகத் தொடங்கியதைப் பிடித்தால், ஆள் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் ஆகியவற்றின் தளங்களையும் பார்த்தேன்தான், ஆனால் எனக்குப் பலன் தந்தது இதுதான்.

அப்படிக் கிடைத்த பேட்டரி ஆய்வுக்குழு ஒன்றின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பின்னிணைப்பில் இருந்த ஒரு வரைபடத்தில் 200ஆவது சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு திடீரென்று சரிந்தது. கட்டுரையில் அதற்கு விளக்கமே இல்லை. என் எம்எஸ்சி ப்ராஜெக்டிலும் இதே சரிவைப் பார்த்திருந்தேன். அதை மட்டும் ஆறு வரியில் கேட்டு அந்தக் குழுவின் பேராசிரியருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில்: "இப்போது இடமில்லை, மார்ச்சில் விளம்பரம் வரும், விண்ணப்பியுங்கள்."

வந்தது. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாக, 'கென்ட்ஸிஃபர்' எனும் விளம்பர எண்ணோடு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் ஐந்து கோப்புகளை எண்ணே போடாமல் அனுப்பிவிட்டு, நள்ளிரவில் பார்த்துப் பதறி மறுபடி அனுப்பினேன்.

ஜூமில் நேர்காணல். இருபது நிமிடம் பேசினேன். என் முடிவுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "உங்களுக்குச் சொதப்பிய ஒரு சோதனையைச் சொல்லுங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார்கள். அதற்கு மட்டும் நான் தயாராகவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் கரைசலில் ஈரம் ஏறி மூன்று வாரம் வீணான கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அந்தக் கதையைத்தான் நீண்ட நேரம் கிளறினார்கள்.

பையனுக்கு கெப்ரிஸ் சுட்டியை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "அக்கா, இதுல அப்ளை பட்டனே இல்லையே?"