கல்லடியில் ஒரு மெட்டல்கோர் அல்பம்: பதிவறை நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) குழுவின் முதல் அல்பம். பத்துப் பாட்டு, மொத்தம் 38 நிமிடம். மாரி தொடங்குமுன் மைக் வேலை முழுவதும் முடியவேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மென்குரல் எதையும் பதிய முடியாது.

இன்றைய வேலை கிளிக், அதாவது ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் டிக் டிக் சத்தம். 168 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 168 அடி) ஓடும் பாட்டு பிரேக்டவுனுக்குள் (தாளம் இறங்கிக் கனமாகும் பகுதிக்குள்) போகும்போது தாளத்தைப் பாதியாக்கினால் மட்டும் கனம் வராது. வேகத்தையும் 8 முதல் 10 வரை இறக்கவேண்டும். மேடையில் ட்ரம்மரின் கை அதைத் தானாகச் செய்யும். கிளிக் கேட்டு அடிக்கும்போது செய்யாது. அதனால் வேகம் மாறும் இடங்களை இப்போதே எழுதிவிடுகிறோம். மாறுவதற்கு முந்தைய நான்கு அடிகளில் கிளிக்கை இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டால் கால் தடுமாறாது.

ஓகஸ்ட் 9

அறைச் சுவரில் முட்டைத் தட்டு ஒட்டச் சொல்லிப் பலர் யோசனை சொல்கிறார்கள். வேண்டாம். அது மேல்சத்தத்தில் கொஞ்சத்தைக் குறைக்கும், மூலைகளில் தேங்கும் கீழ்ச்சத்தத்தைத் தொடவே தொடாது. தும்பு மெத்தைகளை நான்கு மூலைகளிலும் குறுக்காக, சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறது. கை தட்டினால் வந்த கிணுகிணுப்பு போய்விட்டது.

ஓகஸ்ட் 16

ட்ரம்ஸ். புதுத் தோல் போட்டு, ஓர் இரவு விட்டு, மறுபடி இறுக்கியாயிற்று. ஸ்நேர் (நடுவில் இருக்கும், சுள்ளென்று ஒலிக்கும் ட்ரம்) ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு தளரும். விளிம்போடு சேர்த்து அடி விழும் பக்கத்துத் திருகுகள்தான் முதலில் இளகும், அவற்றை முதலில் பார்க்கவேண்டும்.

மேலே தொங்கும் இரண்டு மைக்கும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். கண்மதிப்பு போதாது, நூல் பிடித்து அளக்கவேண்டும். 34 சென்ரிமீற்றர் கூடினால் சத்தம் ஒரு மில்லிசெக்கன் பிந்தி வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஸ்நேரின் உடம்பு காணாமல் போகும். ஸ்நேருக்குக் கீழே உள்ள மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழை) திருப்பிவிடவேண்டும். இல்லாவிட்டால் மேல் மைக்கும் கீழ் மைக்கும் ஒன்றையொன்று தின்னும்.

கடைசியில் ஒரு வேலை, இதை விடவே கூடாது. சிம்பல் எதையும் தொடாமல் ஒவ்வொரு ட்ரம்மையும் மெதுவிலிருந்து பலமாகத் தனித்தனியே அடித்துப் பதியவேண்டும். டபிள் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மை இரு காலாலும் அடிப்பது) வேகமாக ஓடும் இடங்களில் கால் மெலியும்போது இந்த அடிகளை அடியில் சேர்க்கலாம். கடையில் வாங்கும் ஒலி மாதிரிகளைப் போட்டால் உலகத்திலுள்ள எல்லாக் குழுவுக்கும் ஒரே ட்ரம்ஸ்தான்.

ஓகஸ்ட் 20

ட்ரம்ஸ் எடிட். எல்லா மைக்கையும் ஒரே குழுவாகக் கட்டிவிட்டு வெட்டவேண்டும். கிக்கை மட்டும் நகர்த்தினால் மேல் மைக்கில் பழைய அடி நின்றுவிடும், ஒரு அடி இரண்டாகக் கேட்கும்.

ஓகஸ்ட் 27

கச்சான் காற்று அடிக்கிறது. கிற்றார் கழுத்து காய்ந்து நேராகி, நரம்புகள் கட்டைகளில் உரசிக் கிர்ரென்கின்றன. ட்ரஸ் ரொட்டை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை) கால் சுற்றுத் தளர்த்தி, ஓர் இரவு விட்டுப் பார்க்கவேண்டும். ஒரேயடியாகத் திருப்பினால் கடல்காற்று திரும்பும் நாளில் நரம்பு உயர்ந்து நிற்கும்.

டியூனிங் டிரொப் சி: தடித்த நரம்பிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. நரம்புத் தொகுதி 12க்கு 60 (மெல்லியதும் தடித்ததும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). தடித்த நரம்பு நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் நரம்புகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் முழுதாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். மேலே சிக்கினால் டியூனிங் நிற்காது. மெதுவாகத் தட்டி டியூன் செய்வதும் பிழை. பிக்கால் பலமாக அடிக்கும் கணத்தில் சுருதி மேலே ஏறும். ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிற்றார் வாசிப்பை) எந்தப் பலத்தில் வாசிப்போமோ அதே பலத்தில் அடித்துத்தான் டியூன் செய்யவேண்டும்.

செப்டம்பர் 3

ரிதம் கிற்றார். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி வாசிப்பு. ஒன்றைப் பிரதி எடுத்து மறுபக்கம் போட்டால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும்.

கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவை) பாதியில் நிறுத்தியிருக்கிறது. மேடையில் பிடிக்கும் அளவு இங்கே சேறாகிவிடும். கனம் கெயினில் இல்லை. வலது கை ஒவ்வொரு அடியையும் கிக்கோடு ஒன்றாக நிறுத்துவதில் இருக்கிறது. அம்புக்கு (கிற்றாரின் ஒலிபெருக்கிக்கு) முன்னால் ஓவர்ட்ரைவ் பெடல், ட்ரைவ் பூச்சியம், லெவல் முழுசு. தடித்த நரம்பின் தளர்ந்த அடிச்சத்தத்தை அது வெட்டிவிடும். நட்டுக்குப் பின்னால் தலைமுடி ரப்பர் ஒன்றைச் சுற்றினால், நிறுத்திய பிறகும் அங்கே கேட்கும் மெல்லிய ரீங்காரம் அடங்கும். பெடலில்லாத நேர்ச் சத்தத்தையும் கூடவே பதிகிறோம், பின்னால் அம்பை மாற்ற வழி இருக்கும்.

இரைச்சல் வந்தால் முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது யூபிஎஸ்: மலிவானவை பற்றரியில் ஓடும்போது தரும் கரண்ட் படிப்படியான அலை, பிக்கப் அதை அப்படியே பிடிக்கும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் உயிருக்கே ஆபத்து.

செப்டம்பர் 10

பாஸ். பிக்கால் வாசிப்பு, ஒரே பதிவு இரண்டு தடமாக: 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே சுத்தம், மேலே டிஸ்டோர்ஷன்.

செப்டம்பர் 18

குரல். ஸ்க்ரீம் காலை பத்து மணிக்கு, மென்குரல் இரவில். ஸ்க்ரீமுக்கு டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் பாண் ஓட்டோவோ பஸ் ஹோர்னோ பெரிதாக விழாது. இரவில் கத்தினால் அயலவருக்குத்தான் தொல்லை. மென்குரலைப் பகலில் பதிந்தால் தெருச் சத்தம் முழுவதும் அதில் கேட்கும்.

தமிழ் வரிகளை ஸ்க்ரீம் செய்யும்போது வரி ஆ, ஏ, ஓ என்று முடிந்தால் சத்தம் நீளும். இ, உ என்று முடிந்தால் தொண்டை மூடி அடங்கிவிடும். க்க, ட்ட, த்த ஆகியவற்றுக்கு முன்னால் வரும் சின்ன அடைப்பு பிரேக்டவுனின் அடிகளோடு அழகாகப் பொருந்துகிறது. ழகரம் கரைந்துபோகும், அதை நம்பி அடியை வைக்கக்கூடாது. தொண்டை அரிக்கத் தொடங்கினால் அன்றைய பதிவை நிறுத்தவேண்டும். குடிக்க இளஞ்சூட்டுத் தண்ணீர் மட்டும், ஐஸ் வேண்டாம்.

ஒக்டோபர் 6

மிக்ஸ். கிற்றாரின் அடி சி 65 ஹேர்ட்ஸ், பாஸின் சி 33. கிக்கின் அடிச்சத்தம் இவற்றுக்கு நடுவே 55 அளவில் விழுகிறது. கிற்றாரை 90க்குக் கீழே வெட்டியிருக்கிறது. தனியாகக் கேட்டால் மெலிந்துதான் இருக்கும், பாஸோடு கேட்டால் சரி. பிரேக்டவுன் தொடக்கத்தில் 60லிருந்து 30 ஹேர்ட்ஸுக்கு இறங்கும் சப் டிரொப்புக்கு (ஆழ்ந்த அடிச்சத்தத்துக்கு), அந்த ஓர் அடியில் பாஸை மூன்று டெசிபெல் தாழ்த்தவேண்டும். இல்லாவிட்டால் லிமிற்றர் (உச்சச் சத்தத்தைத் தடுக்கும் கருவி) பாட்டு முழுவதையும் அமுக்கும்.

அமெரிக்க மெட்டல்கோர் குழு கில்ஸ்விச் எங்கேஜின் 2002 அல்பத்தில் குழுவின் அடம் டட்கீவிச் ட்ரம்ஸ் வாசித்து, தயாரிப்பையும் செய்தார். மிக்ஸை மட்டும் வெளியாள் அன்டி ஸ்நீப் செய்தார். அந்த முறை சரியானது. பதிவில் கூட இருந்த காது எல்லாவற்றையும் கேட்கப் பழகிவிட்டது, கேட்காததையும் நினைவால் நிரப்பிக்கொள்ளும். எங்கள் தடங்களும் வெளியே ஒருவருக்குப் போகின்றன: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ், எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து.

ஒக்டோபர் 21

மாஸ்டரிங். ஸ்பொட்டிஃபை சாதாரணமாக -14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு) வரை சத்தத்தைச் சமப்படுத்தும். -9ஐத் தாண்டி அமுக்கினால் அங்கே சத்தம் கூடாது, கிக் மட்டும் சுருங்கும். உச்சம் -1 டெசிபெல். சீடிக்கு 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் தனியாக. ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (பதிவை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வேறு. மூலத் தடங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.