செக்ரோலில் ஏறாத ஆட்டம்

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பதினெட்டு வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, இருந்தேன். ஊர்ப் பெயரை மாற்றி வெகுநாள் ஆகிவிட்டது. ஆனாலும் என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் வருகிறது. விடியுமுன் பெரட்டு. ஆள் கணக்கெடுத்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லச் சொல்ல யார் எந்தக் காட்டுக்கு என்று எழுத வேண்டும். மாலையில் யார் எத்தனை குலை வெட்டினார் என்று செக்ரோலில், அதாவது கூலிக்கான வேலைப் பதிவேட்டில், ஏற்ற வேண்டும். குலைக் கணக்கில் ஒன்று தவறினாலும் மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்பார்.

இதோடு தோட்டத்துக் காற்பந்து அணியும் என் தலையில் விழுந்தது. பள்ளி நாளில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன் என்று ஒருமுறை வாய்விட்டதன் பலன்.

2003இல் நிர்வாகி கூப்பிட்டார். அடுத்த வருடம் எல்லோருக்கும் காலணி வாங்கிக் கொடுக்க முடியாது, பயிற்சிக்கு அரை நாள் விடுப்பும் எல்லோருக்கும் கிடையாது, யார் யார் உண்மையில் உபயோகமானவர்கள் என்று எழுதிக் கொடு என்றார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, செக்ரோல் மாதிரியே கட்டம் கட்டினேன். கோல், கோலுக்கு உதவியது, கோல் காவலர் பிடித்தது, கார்டு.

எட்டு ஆட்டம் முடிந்து பார்த்தால் ஆறாம் நம்பரின் வரிசையில் இரண்டு மஞ்சள் கார்டு மட்டும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்தத் தம்பி டிராக்டரில் குலை ஏற்றுகிற ஆள். மத்தியத் திடலில், தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பார். ஓட்டம் சுமார். பந்து கிடைத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டுத் திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிடுவார். திடலோரம் நிற்கிற கூட்டம் ஒருநாளும் அவர் பெயரைக் கத்தியதில்லை. "என்னப்பா, நடக்குறதுக்கா வந்த?" என்று கேட்ட பாட்டி ஒருவர் உண்டு.

அரையிறுதி ஆட்டம் வந்தது. நோட்டைப் பார்த்தேன், அவரை உட்கார வைத்தேன், அந்த இடத்தில் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கினேன். கோல் வேண்டுமென்றால் கோல் போடுகிறவனைப் போட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

1-4.

முதல் இரண்டு கோலும் ஒரே அச்சில் வார்த்தது போல விழுந்தன. எதிரணியின் பத்தாம் நம்பர் எங்கள் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் பந்தை வாங்குகிறான். முதுகில் யாரும் இல்லை. நிதானமாகத் திரும்புகிறான். எங்கள் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர் பதறி முன்னால் ஓடுகிறார், அவர் விட்டுப்போன ஓட்டைக்குள் இன்னொருவன் நுழைகிறான். அந்த இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களும் அந்தப் பருவம் முழுக்கப் பாறை என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களை நோக்கி யாரும் நேராக ஓடி வந்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரில் பாதி ஆறாம் நம்பருக்குச் சேர வேண்டியது.

அதே வருடம் டவுன் மாமாக் கடையில் ஒரே பேச்சு, பெக்கம் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு ரியால் மாட்ரிட்டுக்குப் போனது. அழாத குறையாகப் பேசினார்கள். அந்தக் கோடையிலேயே ரியால் மாட்ரிட், எங்கள் ஆறாம் நம்பர் நிற்கிற அதே இடத்தில் ஆடிய குளோட் மேக்கலேலேவை இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றுவிட்டது. தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மூன்று மீட்டருக்கு மேல் பந்தைக் கடத்துவது அபூர்வம், அவர் போவதால் குறையொன்றுமில்லை என்று ரியால் தலைவர் பெரேஸ் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. அதுவரை லீக் சாம்பியனாக இருந்த ரியால் அடுத்த பருவம் நாலாவது இடம். மறுபடி அந்தப் பட்டத்தைத் தொட 2007 ஆனது. செல்சி 2004-05இல் 38 லீக் ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் 15. எல்லாம் ஒரே ஆளால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரேஸும் என்னை மாதிரியே ஒரு நோட்டு வைத்திருந்திருப்பாரோ என்று தோன்றியது. அவருடைய நோட்டு கொஞ்சம் விலை கூடியது.

அப்புறம் கட்டங்களை மாற்றினேன். பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பத்து நிமிடம் ஆறாம் நம்பரை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சொல்ல எளிது, கண் பந்துக்குத்தான் ஓடும். முதல் நாள் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. பழகியதும் வேறொரு ஆட்டம் தெரிந்தது. நம் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஆசையாக மேலே ஏறும்போது இவர் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறார். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்க்கிறார். நமக்குக் கார்னர் கிடைத்து எல்லோரும் கோல் முன்னால் குவியும்போது, இவர் நடுக்கோட்டுப் பக்கம் எதிரணி வேகக்காரனுக்கு அருகில் நிற்கிறார். அந்த வேகக்காரனுக்குப் பந்து கொடுக்க அவன் ஆட்களுக்கே மனம் வருவதில்லை, பின்னால் திருப்பிவிடுகிறார்கள். இந்தத் திரும்பிப் போன பந்துகளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு ஆட்டத்தில் பதினேழு எண்ணினேன். பதினேழிலும் அவர் கால் பந்தில் பட்டது நான்கு முறைதான்.

இந்த இடத்தில் சறுக்கலாம். இந்த இடத்து ஆட்டக்காரரை எடைபோடச் சொன்னால் பலர் பந்து பறித்த கணக்கைத்தான் கேட்பார்கள். 2015-16இல் இங்கிலாந்து லீக்கில் லெஸ்டர் சாம்பியனானபோது அதன் நடுத்திடல் ஆட்டக்காரர் கான்டே 175 முறை பந்து பறிக்கப் பாய்ந்தார், லீக்கிலேயே அதிகம். அடுத்த பருவம் அவர் செல்சிக்குப் போனார், செல்சி சாம்பியன், லெஸ்டர் பன்னிரண்டாவது. கணக்கும் பலனும் அங்கே பொருந்துகின்றன. ஆனால் அதே இடத்தில் ஸ்பெயினுக்கு ஆடிய புஸ்கேட்ஸை அந்தத் தராசில் நிறுத்த முடியாது. 2010 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் ஏழு ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல், அதில் அவர் தரையில் சறுக்கி விழுந்து பறித்தது எத்தனை என்று யாரும் பேசுவதில்லை. சரியான இடத்தில் முன்பே நிற்பவருக்குப் பாய வேண்டிய தேவை குறைவு. அதிகம் பாய்கிறவர் சில சமயம் தாமதமாக வந்தவராகவும் இருப்பார். எங்கள் ஆள் இரண்டாவது ரகம் இல்லை, அது மட்டும் உறுதி.

இருக்கும்போது, இல்லாதபோது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழி. 2023-24 இங்கிலாந்து லீக்கில் மான்செஸ்டர் சிட்டி தோற்றது மூன்றே ஆட்டம், மூன்றிலும் அந்த இடத்தில் நிற்கிற ரோட்ரி ஆடவில்லை. 2024 செப்டம்பரில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. தொடர்ந்து நான்கு பட்டம் எடுத்திருந்த சிட்டி அந்தப் பருவம் ஒன்பது ஆட்டம் தோற்று மூன்றாவதாக முடித்தது. அவர் ஊன்றுகோலோடு மேடையேறி, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினார். இருந்தாலும், என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு அரையிறுதி. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பேசலாம்?

இன்னொன்றும் நடந்தது. இந்தப் பாடம் படித்த உற்சாகத்தில், சத்தமில்லாமல் ஆடுகிறவர்கள் எல்லோரையும் நான் கொண்டாட ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வருடம் வந்த ஒரு பையன் திடலில் அமைதியே உருவாக நின்றான். மேக்கலேலே என்று எல்லோரிடமும் சொன்னேன். பத்து நிமிடக் கணக்கை அவனுக்கும் போட்டபோது, தோளுக்குப் பின்னால் ஒருமுறைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. சும்மா நிற்பவன் சும்மாதான் நின்றான்.

செக்ரோல் விஷயத்தில் எனக்குத் தீராத உறுத்தல் ஒன்று உண்டு. ஆண் குலை வெட்டிக்கொண்டு போக, மனைவி பின்னாலேயே குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவார். நன்றாகப் பழுத்து உதிர்ந்தது அது, எண்ணெய் அதிகம். சாக்கு சாக்காகத் தூக்கி வருவார். செக்ரோலில் கணவன் பெயர் மட்டும் இருக்கும், பணமும் அந்தப் பெயரில்தான் விழும். அப்படித்தான் வழக்கம், நானும் அப்படித்தான் எழுதினேன். ஆறாம் நம்பரின் அம்மா முப்பது வருடம் அந்த மாதிரி பொறுக்கியவர். அவர் பெயரை நான் ஒருநாளும் எந்தக் கட்டத்திலும் எழுதியதில்லை.

நிர்வாகிக்குக் கொடுத்த பட்டியலில் ஆறாம் நம்பரை முதல் பெயராக எழுதினேன். அவர் படித்துவிட்டு, "கோல் போட்டவனை நாலாவதா எழுதியிருக்க?" என்றார். என்னால் ஒழுங்காக விளக்க முடியவில்லை. காலணி மட்டும் கொடுத்தார், அரை நாள் விடுப்பு கொடுக்கவில்லை.

போன வருடம் ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறாராம், தலை பாதி நரைத்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அன்னைக்கு உன்ன உட்கார வச்சது என் தப்பு. நீ இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

அவர் யோசித்தார். இருபது வருடத்துக்கு முந்தின ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"இல்ல சார். வெளிய உட்கார்ந்து நல்லா பார்த்தேன். அவங்க வலப்பக்கத்துப் பையன் அன்னைக்கு வேற மாதிரி ஆடினான். நான் நடுவுல நின்னிருந்தா அவன் பக்கத்தால போட்டிருப்பான். ரெண்டு கோல் வேணா குறைஞ்சிருக்கும்." பிறகு என் இலையைப் பார்த்து, "ரசம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பரிமாறுகிறவரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.